சாகிலில் நான் அவிழ்த்த சிவப்பு நாடாக்கள்

மேலே படத்தில் இருக்கும் எழுத்தைப் பார்த்து யாரும் பயந்துவிட வேண்டாம். அது என் கையெழுத்துதான். கோடு போட்ட தாளில் எழுதினாலும் என் எழுத்து கோட்டில் நிற்பதில்லை. சில எழுத்து மேலே ஏறிக்கொள்கிறது, சில எழுத்து கீழே இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. பேனாவை இறுக்கிப் பிடிப்பதால் தாளின் பின்பக்கம் வரை புடைத்துக்கொண்டு வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அறுபத்தெட்டு வயது. கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை நடக்கும் வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு ஒன்றரை வருடம்தான் ஆகிறது. இந்தக் கட்டுரைக்கு ஐந்து மாலைகள் ஆயின. என் மகள் கவிதா இதைப் பார்த்துத் தட்டச்சு செய்து இங்கே போடுகிறாள். எழுத்துப் பிழையைத் திருத்து, வேறெதிலும் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சாகிலுக்குப் போய்வந்ததைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். சாகில், ஜொகூர் மாநிலத்தில் தங்காக்கிலிருந்து சிகாமட் போகும் சாலையில், லெடாங் மலைக்கு அடியில் இருக்கும் சின்ன ஊர். அடுத்த மாதம் அங்கே காட்டுப் பாதையில் ஒரு அரை மராத்தான் நடக்கிறது. இருபத்தொரு கிலோமீட்டர். தார் ரோட்டில் இல்லை. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம், ஆறு, மேடு, சேறு எல்லாம் உண்டு. முதல் தடவை ஓடப் போகிறவர்களுக்கு, அதுவும் என்னைப் போல வயதானவர்களுக்கு, இது கொஞ்சம் உதவும் என்று நினைக்கிறேன்.

இது எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். எனக்கும் என் சம்பந்தி கனகசபைக்கும் ஒரே வருடத்தில் சர்க்கரை நோய் வந்தது. குளுவாங் கிளினிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கவிதாவைக் கட்டியிருப்பது அவருடைய மகன். ஆனால் அதுவரை நாங்கள் இரண்டு பேரும் விசேஷ வீட்டில் ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்டுக்கொள்வதோடு சரி. நான் பாலோ பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவன். தோட்டம் கைமாறிய பிறகு செனாயில் ஒரு தொழிற்சாலையில் காவலுக்கு நின்றேன். அவருடைய குடும்பம் சிலோனிலிருந்து அரசாங்க வேலைக்காக வந்த குடும்பம். அவரும் ஒரு அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். அவர் பேச்சு வேறு, என் பேச்சு வேறு. நான் ‘என்ன சம்பந்தி’ என்பேன். அவர் ‘என்ன காணும்’ என்பார்.

டாக்டர் இரண்டு பேரையும் நடக்கச் சொன்னார். தனியாக நடந்தால் சலிப்பாக இருக்கும் என்று சேர்ந்து நடந்தோம். நடந்தது ஒரு நாள் ஓட்டமானது. யார் முதலில் ஓடினோம் என்பதில் இன்றுவரை சண்டை. அவர் என்னைத் துரத்தித்தான் ஓடியதாகச் சொல்கிறார். எனக்குத் தெரிந்து எங்களைத் துரத்தியது ஒரு நாய். அதன் பிறகு வாரம் மூன்று நாள் திடலில் ஓட்டம், ஞாயிறு காலையில் குளுவாங்கின் லம்பாக் மலையில் ஏற்றம். ஆரம்பத்தில் பாதி மலைக்கு மூன்று தடவை உட்கார்ந்தோம். ஆறு மாதம் கழித்து உட்காராமல் ஏறினோம். அன்றைக்கு மலை உச்சியில் அவர் எனக்குக் கை கொடுத்தார். கல்யாணத்தன்றுகூட அப்படிக் கொடுக்கவில்லை.

அரை மராத்தானில் சேரலாம் என்று கேட்டபோது, நடத்துகிற சங்கத்தில் ஒரு நிபந்தனை சொன்னார்கள். அறுபத்தைந்து வயதுக்கு மேல் முதல் தடவை ஓடுகிறவர்கள் முன்கூட்டியே நடக்கும் பயிற்சி ஓட்டத்துக்கு வரவேண்டும். பதினைந்து கிலோமீட்டரை மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்துக் காட்டவேண்டும். முடித்தால் நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் கிடைக்கும். முடிக்காவிட்டால் எண் இல்லை. எண் இல்லையென்றால் ஓட்டமும் இல்லை. பயிற்சி ஓட்டமும் ஒன்றே ஒன்றுதான், போன ஞாயிறு.

அந்த எண்மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று கவிதாவுக்குத்தான் தெரியும். நாற்பது வருடம் நான் தோட்டத்து மண் ரோட்டில் நடந்திருக்கிறேன். சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஜொகூர் பாருவிலிருந்து பளபளவென்று உடுத்திக்கொண்டு ஆட்கள் வந்து அதே ரோட்டில் ஓடுவார்கள். காசு கட்டி ஓடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு நாங்கள் சிரிப்போம். எங்களுக்குக் கூலி கொடுத்தாலும் இந்த மேட்டில் ஓடமாட்டோமே என்போம். சிரித்தேனே தவிர, அவர்கள் நெஞ்சில் இருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். அப்போது எண் மட்டும்தான் எனக்குப் படிக்கத் தெரியும்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். குளுவாங்கிலிருந்து காலை ஐந்து மணிக்குச் சம்பந்தியின் காரில் கிளம்பினோம். ஆயர் ஈத்தாம் போய் நெடுஞ்சாலையைப் பிடித்து, வடக்கே தங்காக்கில் இறங்கவேண்டும். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். டோல் பத்துப் பன்னிரண்டு ரிங்கிட் வரும். இளைஞர்கள் ஒரு மணி நேரத்தில் போய்விடுவார்கள். சம்பந்தி எழுதிப் போட்டிருக்கும் வேகத்துக்கு மேல் ஒரு முள்கூட ஏற்றமாட்டார், அதனால் எங்களுக்கு ஒன்றரை மணி நேரம். லாரிகள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின.

தங்காக் துணிக்கடைகளுக்குப் பேர்போன ஊர். விடியும் முன்னே எல்லாக் கடையும் மூடித்தான் இருந்தது, ஆனால் பெயர்ப் பலகைகளில் விளக்கு எரிந்தது. சிவப்பு விளக்கில் கார் நின்றபோது ஒரு பலகையில் தமிழ் இருந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தேன். பட்டு, வேட்டி, சட்டை, பாவாடை. பச்சை விளக்கு விழுந்துவிட்டது.

“கொஞ்சம் இருங்க சம்பந்தி, இன்னும் ரெண்டு வரி இருக்கு.”

“பின்னுக்கு லாரி நிக்குது காணும். நான் சொல்லுறன், துண்டு, போர்வை. போதுமோ?”

“நீங்க சொன்னா எப்படி? நான் படிக்கணும் லா.”

அவர் காரை எடுத்துவிட்டார். ஆனால் திரும்பி வரும்போது அந்தக் கடை முன்னாலேயே நிறுத்தித் தருவதாகச் சொன்னார்.

காலைச் சாப்பாட்டுக்குத் தங்காக்கிலேயே ஒரு கடையில் ஆளுக்கு ஒரு ரொட்டி சானாய், பால் இல்லாத தேநீர். இரண்டு பேருக்கும் சேர்த்து ஏழு ரிங்கிட்கூட ஆகவில்லை. ஓடுவதற்கு முன் குழம்பை நிறைய ஊற்றிக்கொள்ளாதீர்கள். அது மூன்றாவது கிலோமீட்டரில் திரும்ப ஞாபகப்படுத்தும். அங்கிருந்து சாகில் பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. ஒரு பள்ளித் திடலில் கார் நிறுத்த இடம் கொடுத்திருந்தார்கள், காசு இல்லை. கழிவறை இரண்டுதான், வரிசை நீளம். அதனால் தங்காக்கிலேயே முடித்துக்கொண்டு வருவது நல்லது.

முப்பது பேர் போல வந்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் சட்டை கொடுத்தார்கள். சங்கத்தின் பொறுப்பாளர் மலர்விழி, நாற்பது வயது போல இருக்கும், பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியை. மலாயிலும் ஆங்கிலத்திலும் வேகமாக விளக்கம் சொன்னார். சம்பந்தி முன்வரிசையில் நின்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நான் ஓரமாக நின்று வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். பாதை நெடுக மரத்தில் சிவப்பு நாடா கட்டியிருக்கிறது, நாடாவைப் பார்த்து ஓடவேண்டும் என்பது மட்டும் காதில் விழுந்தது. அது போதும் என்று நினைத்தேன். அதுதான் தப்பு.

ஏழேகால் மணிக்குக் கிளம்பினோம். பத்தே முக்காலுக்குள் திரும்பவேண்டும். முதல் ஐந்து கிலோமீட்டர் செம்பனைத் தோட்டத்து மண் ரோடு. வண்டித் தடத்தில் தண்ணீர் தேங்கியிருக்கும், நடுமேட்டில் ஓடுங்கள். மட்டையை வெட்டி நிரைக்கு நடுவில் அடுக்கியிருப்பார்கள். அதில் மிதிக்கக் கூடாது, முள் காலில் போட்ட சப்பாத்தைத் தாண்டி ஏறும். நான் தோட்டத்தில் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்தில்தான் ஓடினேன். கடையில் இருபது ரிங்கிட்டுக்குள் கிடைக்கும், சேற்றில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் இறக்கத்தில் கால் விரல் நசுங்கும், உள்ளே தடித்த காலுறை போடுங்கள். சம்பந்தியிடம் மகன் சிங்கப்பூரில் வாங்கிக் கொடுத்த நல்ல சப்பாத்து. நாலு வருடம் பெட்டியிலேயே வைத்திருந்து அன்றைக்குத்தான் வெளியே எடுத்தார்.

ஐந்தாவது கிலோமீட்டருக்குப் பிறகு காட்டோரம். நிழல் குளிர்ச்சியாக இருந்தது. வேர்கள் குறுக்கே ஓடும், கண் தரையில் இருக்கவேண்டும். எட்டாவது கிலோமீட்டரில் ஒரு ஓடை வரும், முழங்கால் தண்ணீர். கடந்து ஏறியதும் என் காலில் மூன்று அட்டைகள். ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து உப்புத் தடவி எடுத்தேன். சம்பந்தி எனக்குக் கொஞ்சம் பின்னால் வந்துகொண்டிருந்தார். நான் எழுந்து பாதைக்கு வந்தபோது பின்னால் யாரையும் காணோம். முன்னால் மேட்டில் ஒரு மஞ்சள் சட்டை போய்க்கொண்டிருந்தது. உட்கார்ந்திருந்த நேரத்தில் சம்பந்தி என்னைத் தாண்டிப் போய்விட்டார் என்று நினைத்து, “சம்பந்தீ!” என்று கத்தினேன். அந்த ஆள் திரும்பாமல் கையை மட்டும் ஆட்டினார். அவர்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அப்படியென்றால் கடைசி ஆள் நான்தான்.

இங்கே ஒரு தோட்டத்து வழக்கத்தைச் சொல்லவேண்டும். மருந்து அடிக்கிற நாளில், எந்த நிரையில் வேலை நடக்கிறது என்று தெரிய மரத்தில் நாடா கட்டுவோம். வேலை முடிந்து வரும்போது கடைசியாக வருகிற ஆள் எல்லாவற்றையும் அவிழ்த்துச் சுருட்டி மண்டோர் கையில் கொடுக்கவேண்டும். மண்டோர் என்றால் எங்களை மேய்க்கிற ஆள். நாடாவைத் தொங்கவிட்டு வந்தவன் வேலையை முடிக்காதவன். அவனுக்கு எல்லோர் முன்னாலும் ஏச்சு விழும். நாற்பது வருடம் அது என் கையில் ஊறிப்போயிருக்கிறது. கடைசி ஆள் என்று தெரிந்ததும் என் கை தானாக முதல் நாடாவை அவிழ்த்தது.

அந்த முதல் நாடா ஒன்பதரை கிலோமீட்டரில், ஒரு நாற்சந்தியில் இருந்தது. தோட்டத்துக்குள் நாலு பக்கமும் ஒரே மாதிரி ரோடு. அங்கிருந்து ஒவ்வொரு நாடாவாக அவிழ்த்துக்கொண்டே ஓடினேன். நன்றாக இறுக்கிக் கட்டியிருந்தார்கள், பல்லால் கடித்து அவிழ்த்ததும் உண்டு. ஒன்றரை கிலோமீட்டருக்கு ஒரு கைப்பிடி நாடா சேர்ந்தது. அழகாகச் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன். மனதுக்குள் பெருமைதான், ஓடிக்கொண்டே வேலையும் பார்க்கிறேனே என்று.

பதினோராவது கிலோமீட்டரில் தண்ணீர் கொடுக்கும் இடம். மணி ஒன்பதரை. சிகாமட்டிலிருந்து வந்த லதா என்ற பெண் மேசை போட்டு நின்றார். இன்னும் நாலு கிலோமீட்டர்தான், கையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. நடந்தே போனாலும் எண் எனக்குத்தான். நாடாச் சுருளை மேசையில் வைத்தேன்.

“இந்தாங்கம்மா, எண்ணிக்கங்க.”

அவர் சுருளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “என்ன அங்கிள் இது?”

“நாடா. கடைசி ஆளு நான்தானே. சுத்தமா எடுத்துட்டேன்.”

“அலமாக்! யாரு உங்கள எடுக்கச் சொன்னாங்க? உங்களுக்குப் பின்னாடி ரெண்டு பேரு வராங்க அங்கிள்! கடைசியா வரவும் நாடா எடுக்கவும் அசிம்னு ஒரு ஆள் போட்டிருக்கோம். அவரோட இன்னொரு அங்கிள் இருக்காரு. கண்ணாடி போட்ட அங்கிள், சிலோன் பேச்சு.”

சம்பந்தி முன்னால் போகவில்லை. பின்னால் இருக்கிறார். மேட்டில் கையை ஆட்டியது யார் பெற்ற பிள்ளையோ.

லதா தொலைபேசியை எடுத்துப் பார்த்தார். அங்கே லைன் கிடைப்பதில்லை. நீங்கள் போகிறவர்களும் அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். “நான் இங்க இருந்து நகர முடியாது அங்கிள். நீங்க போங்க, நாலு கிலோமீட்டர்தான். நான் யாரையாவது அனுப்புறேன்.”

“யாரை அனுப்புவீங்க?”

அவர் சுற்றிலும் பார்த்தார். அங்கே அவரும் நானும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்தான்.

சுருளை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினேன். அவிழ்த்ததை மறுபடி கட்டிக்கொண்டே போனேன். எந்த மரத்தில் அவிழ்த்தேன் என்று எனக்கு ஞாபகம் இருக்கும் என்றுதான் நினைத்தேன். ஒன்றும் இல்லை. எல்லாச் செம்பனையும் ஒரே முகம். ரோட்டிலிருந்து தெரிகிற மரத்தில் எல்லாம் கட்டிக்கொண்டு ஓடினேன். வழியில் கத்திக் கத்திக் கூப்பிட்டேன். செம்பனைத் தோட்டத்தில் சத்தம் போனால் போன இடத்திலேயே நின்றுவிடும், திரும்பி வராது. பாதி தூரத்தில் விசில் சத்தம் கேட்டது. மூன்று தரம் ஊதி, கொஞ்சம் இடைவெளி விட்டு, மறுபடி மூன்று தரம். விசில் கட்டாயம் கொண்டுவர வேண்டும் என்று விதியில் இருக்கிறது. என்னுடைய விசில் வீட்டு மேசையில் இருந்தது.

நாற்சந்தியில் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். அசிம் முப்பது வயது மலாய்க்காரர். அவர் இந்தப் பாதையில் ஓடுவது அதுதான் முதல் தடவையாம், அவருக்கும் நாடாதான் வழி. குறி தெரியாவிட்டால் ஊகித்துப் போகக் கூடாது, நின்ற இடத்தில் நின்று விசில் ஊதவேண்டும் என்று விளக்கத்தில் சொல்லியிருந்தார்களாம். விளக்கத்தில் கேட்டபடியே சம்பந்தி ஊதிக்கொண்டிருந்தார். அவருடைய வலது சப்பாத்து ஒரு மாதிரி இருந்தது. நாலு வருடம் பெட்டியில் கிடந்ததில் பசை உளுத்துப்போய், ஓடையைத் தாண்டும்போது அடிப்பாகம் முழுசாகக் கழன்று வாய் பிளந்துவிட்டது. அசிம் கயிறு போட்டுக் கட்டிக் கொடுக்கத்தான் அவர் பின்தங்கியிருக்கிறார்.

சம்பந்தி என் கையில் மிச்சம் இருந்த நாடாவைப் பார்த்தார்.

“என்ன காணும் செய்தனீர்?”

“அவிழ்த்துட்டேன் சம்பந்தி. கடைசி ஆளு நான்தான்னு...”

“நீர் கடைசி ஆள் எண்டு உமக்கு ஆர் சொன்னது?”

“நான்தான் சொன்னேன்.”

அவர் அசிம் பக்கம் திரும்பி மலாயில் என்னவோ சொன்னார். அசிம் வாய்விட்டுச் சிரித்தார். “தக் ஆபா, பாக்சிக்,” என்று என் முதுகில் தட்டினார், பரவாயில்லை பெரியவரே என்று. அவருக்குப் பரவாயில்லை. எங்களுக்கு மணி ஒன்பது ஐம்பது. பத்தே முக்காலுக்குள் ஐந்தரைக் கிலோமீட்டர்.

“ஓடுவமோ?” என்றார் சம்பந்தி.

“உங்க சப்பாத்து?”

“அது ஓடும். நீர் ஓடும்.”

ஓடினோம். அசிம் எங்கள் பின்னாலேயே வந்தார். கயிறு கட்டிய சப்பாத்து டப் டப் என்று அடித்தது. ஏற்றத்தில் நடந்தோம், சமதரையில் ஓடினோம், இறக்கத்தில் சின்னச் சின்ன அடியாக வைத்தோம். லதா மேசையில் நிற்காமலே ஆளுக்கு ஒரு கிண்ணம் தண்ணீர் எடுத்துக்கொண்டோம். பன்னிரண்டாவது கிலோமீட்டரில் கயிறு அறுந்தது. சம்பந்தி குனிந்து மறுபடி முடிச்சுப் போட்டார். “நீங்க போங்க சம்பந்தி” என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. யார் சொன்னாலும் அடி விழுந்திருக்கும். கடைசி இரண்டு கிலோமீட்டரில் வெயில் ஏறிவிட்டது. வாயில் போட்டிருந்த அசாம்போய், உப்பும் புளிப்புமான அந்தக் காய்ந்த பழம், வெறும் கொட்டையாகிவிட்டது. பள்ளித் திடல் கண்ணில் பட்டபோது நான் மணி பார்க்கவில்லை. சம்பந்தி பார்த்தார். பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு ஓடினார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

பத்து ஐம்பத்தெட்டு. பதின்மூன்று நிமிடம் தாமதம்.

மலர்விழி குறிப்புப் பலகையோடு நின்றிருந்தார். “வீரையா அங்கிள், நாடா கழட்டினது நீங்கதானா? நீங்க தாண்டுனதும் லதா வண்டியில வந்து சொன்னாங்க.” கோபப்படுகிறாரா சிரிக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நான் தலையாட்டினேன். “நேரம் தாண்டிருச்சு அங்கிள். நான் என்ன பண்றது?”

தப்பு என்னுடையது. சரிம்மா என்று சொல்லிவிட்டு நகரப் பார்த்தேன். அப்போது சம்பந்தி என் இடது கையைப் பிடித்து மலர்விழியின் மூக்குக்கு முன்னால் நீட்டினார். கையில் கவிதா கட்டிவிட்ட கடிகாரம் இருந்தது, ஓடிய தூரம் காட்டும் கடிகாரம்.

“வாசிச்சுப் பாரும் பிள்ளை. இவர் இண்டைக்கு ஓடினது பதினைஞ்சு இல்லை, பதினெட்டு. ஒண்டரை திரும்பிப் போனவர், ஒண்டரை திரும்பி வந்தவர். உங்கட கணக்குக்கு ஒரு கிலோமீட்டருக்குப் பதினாலு நிமிசம். பதினெட்டுக்கு எத்தினை வருது? நாலு மணித்தியாலத்துக்கு மேல. இவர் அதுக்கு உள்ளுக்கு வந்திட்டார். எண்ணைக் குடும்.”

மலர்விழி கடிகாரத்தைப் பார்த்தார். கணக்குப் போட்டார். பிறகு சிரித்துவிட்டார். “இந்த வயசுல பதினெட்டு ஓடிட்டு வந்து நிக்கிறாரு. இவருக்கு இல்லாம யாருக்கு?” என்று எண்ணை எடுத்து என் கையில் கொடுத்தார். இரண்டாவது எண்ணையும் எடுத்து நீட்டினார். “கனகசபை அங்கிள், நீங்க நின்னது உங்க தப்பு இல்ல. அசிம் சொல்லிட்டாரு. இந்தாங்க.”

சம்பந்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“எனக்கு வேண்டாம் பிள்ளை. நான் ஓடினது பதினைஞ்சுதான். பதின்மூண்டு நிமிசம் பிந்திப்போனன்.”

“குடுக்கறாங்க, வாங்கிக்கங்க லா சம்பந்தி!” எனக்குப் பொறுக்கவில்லை. “நான் அவிழ்த்ததாலதானே பிந்துனீங்க?”

“சப்பாத்தை நீரோ அவிட்டனீர்? அது என்ர சப்பாத்து.” என்னைப் பார்க்காமலேயே சொன்னார். “முப்பது வருசம் கவுண்டரில இருந்தவன் நான். நாலரை மணி தாண்டி ஒரு நிமிசம் பிந்தி வந்த சனத்துக்கும் நாளைக்கு வாங்கோ எண்டு சொன்னனான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவைக்கும் சொன்னனான். இப்ப எனக்கு மட்டும் இண்டைக்கே வேணுமோ?”

மலர்விழி நீட்டிய எண்ணைத் திரும்ப எடுத்து வைத்துவிட்டு, “அடுத்த ஞாயிறு நாங்க பாதை பார்க்க வரோம் அங்கிள். வந்து ஓடிக் காட்டுங்க, நானே நேரம் பிடிக்கிறேன்” என்றார்.

“எத்தினை மணிக்கு?” என்று உடனே கேட்டார் சம்பந்தி.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. விளக்கம் சொல்லும்போது கடலை உரிக்காதீர்கள், மொழி புரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். கேட்பதில் குறைவு ஒன்றும் இல்லை, நான் அறுபத்தாறு வயதில் எழுத்தையே கேட்டுத்தான் படித்தேன். விசிலை மேசையில் வைக்காதீர்கள், கழுத்தில் மாட்டுங்கள். நல்ல சப்பாத்தை வருடக்கணக்கில் பெட்டியில் பூட்டாதீர்கள், நம் ஊர்ப் புழுக்கத்தில் பசை செத்துவிடும். வாரம் ஒரு முறையாவது போட்டு நடக்கவேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் இனிப்பு மிட்டாயும் வாழைப்பழமும் வைத்திருங்கள், ஓடும் முன் டாக்டரைக் கேளுங்கள். அட்டைக்கு உப்பு, இல்லையென்றால் நீளக் காலுறை. ஏற்றத்தில் நடப்பதற்கு வெட்கப்பட வேண்டாம், இளைஞர்களே நடக்கிறார்கள். மரத்தில் நாடா பார்த்தால் அதன் பாட்டுக்கு விட்டுவிடுங்கள்.

என்னைப் பற்றி நான் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. பதினெட்டு ஓடியவனுக்கு இன்னும் மூன்றுதான் மிச்சம். அதைச் சம்பந்தி கணக்குப் போட்டுச் சொல்லும் வரை எனக்குத் தோன்றவே இல்லை. இருபத்தொன்று என்றால் மலைபோல இருந்தது. இப்போது அது திடலைச் சில சுற்றுச் சுற்றி வருகிற தூரமாகத் தெரிகிறது. உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரும், வழி தவறித்தான் வரும் போலிருக்கிறது.

திரும்பும்போது தங்காக்கில் நான் அந்தப் பலகையின் மிச்ச இரண்டு வரியைப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் சம்பந்தி ஒரு சப்பாத்து வாங்கினார், கறுப்பு ரப்பர், என்னுடையதைப் போலவே. ஆயர் ஈத்தாம் வந்ததும், “காணும், ஞாயிறு நீர் வரத் தேவையில்லை. உமக்கு எண் கிடைச்சிட்டுது” என்றார்.

“ஒன்றரை மணி நேரம் யாரோட பேசிக்கிட்டு ஓட்டுவீங்க? லாரிக்காரங்களோடயா?”

“அப்ப வாரும். வந்தால் கையைக் கட்டிக்கொண்டு ஓடும்.”

வருகிற ஞாயிறு அவருடைய ஓட்டம். அவர் முன்னால் போவார், நான் பின்னால். பத்தே முக்காலுக்குள் வந்தாரென்றால் வீட்டில் பாயசம் வைப்பதாகக் கவிதா சொல்லியிருக்கிறாள், சர்க்கரை போடாமல். வராவிட்டால் அவர் மறுபடியும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார், நானும் மலர்விழியும் அவரோடு சண்டை போடவேண்டியிருக்கும். எது நடந்தாலும் அடுத்த வாரம் பேனாவை எடுத்து உங்களுக்குச் சொல்லிவிடுவேன். என் எண் இப்போது அலமாரியில், மடித்த சட்டைக்கு மேல் இருக்கிறது. அவருடையது வந்து பக்கத்தில் உட்காரட்டும். அப்புறம்தான் ஊசியை எடுத்துச் சட்டையில் குத்துவேன்.